மூளைப் படமும் முன்ஜென்ம வினையும்

(ஜூஜுவாடியில் நடைபெற்ற பகுத்தறிவுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேச அழைத்த தோழர், "கடவுள் இல்லை என்று பேசுங்கள், கூட்டம் நன்றாகச் சேரும்" என்று சொன்னார். கடவுள் சங்கதியை இன்னொரு நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப்போய்விடாது. இப்போது நாம் பேச எடுத்துக்கொண்டது அதைவிட அவசரமான விஷயம். குழந்தைகளின் மூளையில் உண்டாகும் அபூர்வமான வியாதிகளைப் படம் பிடித்துக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையும், அதற்கு வழி இருந்தும் நம் ஜனங்கள் அந்த வழிக்குப் போகாமல் எங்கெங்கோ அலைந்து கெடுவதையும் பற்றியே சொல்லப் போகிறோம்.

இதைப் பேசுவதற்கு இந்த ஊரைவிடத் தகுந்த இடம் கிடையாது. இந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக நேரே போனால், இந்தச் சாலையே பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே அந்தச் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடுதான். சுமார் 30 கிலோ மீட்டர் தூரம் இருக்கும். மூளை, நரம்பு சம்பந்தமான வியாதிகளுக்கு இந்தியா முழுவதிலுமிருந்து ரயிலேறி அங்கே வருகிறார்கள். ஆனால், அதன் வாசற்படியில் குடியிருக்கிற நம்மவர்களோ, "அது பைத்தியக்கார ஆஸ்பத்திரியாயிற்றே, குழந்தையை அங்கே கொண்டுபோனால் ஊரார் என்ன சொல்லுவார்கள்?" என்று கேட்கிறார்கள். பழைய மைசூர் சர்க்காரின் மனநோய் ஆஸ்பத்திரியும், 1954-ல் ஏற்பட்ட மனநோய் ஆராய்ச்சி ஸ்தாபனமும் 1974-ல் ஒன்றாக்கப்பட்டு அது உண்டானது வாஸ்தவம். ஆனால் இன்று அங்கே மூளைக்கு ரண சிகிச்சையும், நரம்பு வைத்தியமும், படம் பிடித்துப் பார்ப்பதும் நடக்கின்றன. காக்காய் வலிப்பு வந்த குழந்தைக்கும் பைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?

சென்ற வருஷம் சூளகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம். ஐந்து வயதுப் பையன். ஒன்றரை வயதில் நடந்த பிள்ளை, மூன்று வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். நாலு வயதில் வலிப்பும் வந்துவிட்டது. வலிப்பு வரும்போதெல்லாம் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். முனீஸ்வரன் அடித்துவிட்டது என்று ஒரு பூசாரி மூன்று அமாவாசை வேப்பிலை அடித்தான். நாலாவது அமாவாசைக்கு வயிற்றில் சூடு போட்டான். அந்தத் தழும்பை நாம் பார்த்தோம். பிள்ளைக்கு ஏற்கெனவே பேச்சு நின்றுபோயிருந்தபடியால், வலிக்கிறது என்று சொல்லவும் அவனால் முடியவில்லை.

அவர்கள் ஸ்கேன் எடுக்கவில்லையா என்றால், எடுத்துத்தான் இருக்கிறார்கள்! இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு இடத்தில் கடன் வாங்கி எடுத்திருக்கிறார்கள். "மூளை வளர்ச்சி சரியில்லை" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிலிம் எங்கே என்று கேட்டோம். சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து, மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமப் பொட்டு வைத்து எடுத்துவந்து கொடுத்தார்கள். குழந்தையின் வியாதி இன்னதென்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். இரண்டு வருஷமாக அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவரிடம் அதைக் காட்டவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு ஆளும் இல்லை.

நிற்க. இந்தப் படம் என்பது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம்.

1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் என்பவர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். கை எலும்பு முறிந்தால் அதில் தெரிந்தது. ஆனால் மூளை தெரியவில்லை. மண்டை ஓடு தெரியும், உள்ளே இருப்பது எல்லாம் ஒரே மங்கல். 1918-ல் அமெரிக்காவில் டாண்டி என்ற ரண வைத்தியர், மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அந்த அறைகளின் உருவத்தைக் கொண்டு மூளையில் எங்கே கோளாறு என்று ஊகித்தார். நோயாளிக்கு அது மகா வேதனை. ஆனாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் உலகத்திலே அதைவிட நல்ல வழி அதிகம் இல்லை. பிறகு இங்கிலாந்தில், கிராமபோன் தட்டுப் போடுகிற இ.எம்.ஐ. கம்பெனியில் எஞ்சினீயராக இருந்த ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவர், எக்ஸ்ரேயைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து பாய்ச்சி, கணக்குப் போட்டு, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பதுபோல் மூளையைத் துண்டு துண்டாகப் படமாக்கிக் காட்டினார். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் ஒரு அம்மாளுக்கு முதன்முதலாக எடுத்தார்கள். அதுதான் சி.டி. ஸ்கேன். 1979-ல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டு காலேஜில் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

அதற்கப்புறம் வந்ததுதான் எம்.ஆர்.ஐ. லாடர்பர் என்பவர் 1973-ல் இந்த முறையில் படமெடுக்கலாம் என்று காட்டினார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டு என்பவருக்கும் 2003-ல் நோபல் பரிசு. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இருப்பது காந்தம். நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் உள்ள யந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு பலமுள்ளது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் அந்தக் காந்தத்துக்குள் ஒழுங்குபட்டு நிற்கும்போது, ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அவை மறுபடி நிலைக்குத் திரும்பும்போது ஒரு சமிக்ஞை கொடுக்கின்றன. நல்ல திசுவில் உள்ள தண்ணீர் ஒரு மாதிரியும், கெட்டுப்போன திசுவில் உள்ள தண்ணீர் வேறு மாதிரியும் கொடுக்கிறது. அந்த வித்தியாசமே கறுப்பும் வெளுப்புமாகப் படத்தில் விழுகிறது.

இந்தக் காந்த அறைக்குள் போகுமுன் வாசலிலேயே தாயத்து, அரைஞாண், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுவார்கள். உள்ளே இரும்பு இருந்தால் பிடித்து இழுத்துவிடும், மற்ற உலோகம் இருந்தாலும் படத்தைக் கெடுத்துவிடும். குழந்தையைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய தாயத்தை, குழந்தையைக் காப்பாற்றுவதற்காகவே கழற்றவேண்டியிருக்கிறது. கழற்றியதால் எந்தப் பேயாவது உள்ளே வந்து பிடித்துக்கொண்டது என்று இதுவரை ஒரு நர்ஸம்மாளும் சொல்லவில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று அந்த யந்திரத்துக்கே சந்தனப் பொட்டு வைக்கிறவர்களும் உண்டு. அதற்கு நாம் என்ன செய்வது?

இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒயரைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. செம்புக் கம்பிக்கு மேலே உறை இருக்கிறது. உறை கிழிந்தால் கரண்ட் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. மூளையிலும் நரம்பு இழைகளின்மேல் கொழுப்பினால் ஆன ஒரு உறை இருக்கிறது. அந்த உறைபோட்ட இழைகள் நிறைந்த பாகத்தை வெள்ளைப் பகுதி என்கிறார்கள். பிறக்கும்போது உறை முழுவதும் போட்டுத் தீர்ந்திருக்காது. முதல் இரண்டு வருஷங்களில்தான் பெரும்பாலும் போடப்படுகிறது. ஆகவே ஆறு மாதக் குழந்தையின் படத்தில் சரியாக இருப்பதே மூன்று வயதுக் குழந்தையின் படத்தில் வியாதியாக இருக்கும். படத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, குழந்தைகளின் மூளையைப் பார்த்துப் பழகிய கண்ணால் அது படிக்கப்படவேண்டும் என்று நாம் சொல்லுவது இதனால்தான். சில வியாதிகள் மூளையின் முன்பக்கத்து உறையை முதலில் தின்னும். சில பின்பக்கத்தில் ஆரம்பிக்கும். சில நடுவில் உள்ள சாம்பல் நிற முடிச்சுகளை மட்டும், இடமும் வலமும் ஒரே அச்சாகத் தாக்கும். பூசாரிக்கு எல்லா வலிப்பும் ஒரே முனீஸ்வரன்தான். படம் படிக்கத் தெரிந்தவருக்கோ அது நூற்றுக்கணக்கான வேறு வேறு வியாதி.

"இன்ன வியாதி என்று தெரிந்து என்ன பிரயோஜனம்? தீர்க்க முடியுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். உண்மையைச் சொல்லுகிறோம், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று மருந்து இல்லை. மருந்து இருக்கிறது என்று நாம் மேடையில் பொய் சொன்னால் நமக்கும் பூசாரிக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ஆனால் சிலவற்றுக்கு இருக்கிறது. அந்தச் சிலவற்றில் நாள் கடந்தால் மருந்தும் பயன்படாது.

1998-ல் சவூதி அரேபியாவிலிருந்து டாக்டர்கள் ஒரு வியாதியை வெளியிட்டார்கள். நன்றாக ஓடியாடிய குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும். அதையடுத்து நினைவு தடுமாறும், பேச்சுக் குழறும், கைகால் முறுக்கிக்கொள்ளும், வலிப்பு வரும். நம் ஊரில் இது நடந்தால் என்ன சொல்லுவார்கள்? காத்துக் கருப்பு என்றுதானே? படம் எடுத்தால் மூளையின் நடுவிலுள்ள முடிச்சுகள் இருபுறமும் பழுதாகியிருப்பது தெரியும். இதற்கு மருந்து என்ன தெரியுமா? பயோடின், தயமின் என்ற இரண்டு வைட்டமின்கள். பூசாரிக்குக் கொடுக்கும் சேவலின் விலையைவிட அதிகமாகாது. காலத்தில் கொடுத்தால் சில நாட்களிலேயே குழந்தை தேறுகிறது. ஆயுள் முழுவதும் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுக்காவிட்டால் குழந்தை சாகும், அல்லது கிடந்த கிடையாய்விடும். மூன்று அமாவாசை காத்திருக்க இதில் இடம் ஏது?

இன்னொன்று, 1912-ல் வில்சன் என்ற டாக்டர் எழுதிவைத்த வியாதி. சாப்பாட்டில் வரும் செம்பு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கையெழுத்துக் கெடும், எச்சில் ஒழுகும், பேச்சு இழுக்கும், குணம் மாறும். வாத்தியார் திமிர் என்று அடிப்பார், பாட்டி மோகினி என்று மந்திரிப்பாள். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். சிலருடைய மூளைப் படத்தில் பாண்டா கரடியின் முகம்போல ஒரு உருவம் விழும். பெனிசிலமின் மருந்து செம்பை வெளியேற்றி இந்த வியாதிக்குப் பயன்படும் என்று 1956-ல் வால்ஷ் என்பவர் காட்டினார். துத்தநாக உப்பும் உதவுகிறது. நாம் சொன்ன அதே நிம்ஹான்ஸ் டாக்டர்கள், முப்பது வருஷ காலத்தில் தாங்கள் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007-ல் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சாலையின் அந்தக் கோடியில் இவ்வளவு அனுபவம் இருக்கிறது. இந்தக் கோடியில் வேப்பிலை.

எல்லா வலிப்பும் அபூர்வ வியாதி என்று பயந்துகொள்ளவும் வேண்டாம். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வரும் வலிப்பில் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் புழு மூளையில் தங்குவதால் வருவதும் உண்டு. ஒரு காலத்தில் படத்தில் அந்தச் சிறு புள்ளியைப் பார்த்துவிட்டு க்ஷயம் என்று நினைத்து, மாதக்கணக்கில் க்ஷய மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள்தான் சந்தேகப்பட்டு, அந்தப் புள்ளியையே எடுத்துச் சோதித்து, பெரும்பாலும் அது புழுவே என்று ருஜுப்படுத்தினார்கள். தாங்கள் நினைத்தது தப்பு என்று டாக்டர்களே கண்டுபிடித்து, வெளியில் சொல்லி, வைத்தியத்தை மாற்றிக்கொண்டார்கள். எந்தப் புராணத்திலாவது இப்படி ஒரு திருத்தம் உண்டா?

இனி, மருந்து இல்லாத வியாதிகளின் சங்கதிக்கு வருவோம். நம் இயக்கத்துக்கு முக்கியமான பாகம் இதுதான்.

பம்பாயில் சிங்கால் என்ற நரம்பு வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும், தலை அளவுக்கு மீறிப் பெருத்த சில குழந்தைகளைக் கண்டார்கள். படத்தில் வெள்ளைப் பகுதி முழுவதும் வீங்கிக் கெட்டிருக்கிறது. பொட்டுப் பக்கத்தில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் இந்தக் குழந்தை எழுந்து உட்காரவும் முடியாது என்று தோன்றும். ஆனால் குழந்தையோ நடந்து வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லுகிறது! வருஷங்கள் போகப்போகத்தான் நடை தளர்கிறது, வலிப்பும் வருகிறது. ஆகவே படம் ஒன்றையே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கும் இது ஒரு பாடம். அந்தக் குழந்தைகளில் மிகப் பலர் அகர்வால் என்ற ஒரே சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருந்ததை அந்த டாக்டர்கள் கவனித்து, 1991-ல் முதலில் சொன்னார்கள். 1995-ல் ஹாலந்து தேசத்து மார்யோ வான்டர் நாப் என்ற அம்மையார், பெயர் தெரியாத வியாதியுள்ள குழந்தைகளின் படங்களைத் திரட்டி, ஒரே ஜாடையாக இருப்பவற்றை ஒன்று சேர்த்து, இது ஒரு தனி வியாதி என்று உலகத்துக்கு விவரித்தார். 2001-ல் எந்த மரபணு கெட்டால் இது வருகிறது என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். அகர்வால் குழந்தைகளைப் பரீட்சித்ததில் ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களிலும் அந்த மரபணுவின் அதே இடத்தில் அதே பிழை! எப்போதோ இருந்த ஒரு பாட்டன் அல்லது பாட்டியிடமிருந்து இறங்கிவந்த பிழை அது.

இதைச் சொல்லி அந்தச் சாதியாரை இழிவுபடுத்துவது நமது நோக்கமல்ல. மற்றவர்களுக்கும் இந்த வியாதி வருவதுண்டு. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர்கள் நம்மைப்போல அக்காள் மகளைக் கட்டுகிறவர்கள் அல்ல. கோத்திரம் பார்த்து, ஒரே கோத்திரத்தில் கொள்வினை கொடுப்பினை கூடாது என்று தள்ளுகிறவர்கள். அப்படியிருந்தும் ஏன் வந்தது? கோத்திரத்தைத் தாண்டினார்களே ஒழிய சாதியைத் தாண்டவில்லை. வேலிக்குள்ளேயே எவ்வளவு தூரம் சுற்றினாலும் அது அதே கொல்லைதான்.

இது ஒரு சாதியின் கதையும் அல்ல. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ரைக் முதலானவர்கள் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தெற்கு ஆசியாவின் 263 பிரிவினரைப் பரீட்சித்தார்கள். அவற்றுள் 81 பிரிவுகள், இப்படிப்பட்ட பரம்பரை வியாதிகளுக்குப் பேர்போன பின்லாந்துக்காரரையும் ஐரோப்பிய யூதரையும்விடக் குறைந்த முன்னோர்களிடமிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. சாதியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு எதைக் காப்பாற்றி வந்தோம் என்பது இப்போது ரத்தப் பரீட்சையில் எழுதியிருக்கிறது.

நம் வட்டாரத்திலோ சாதி போதாதென்று குடும்பத்துக்குள்ளேயே கட்டுகிறோம். 2019-21 சர்க்கார் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் கட்டப்பட்டவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்திலும் 27. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை பேசுகிற ஊர் இது. தண்ணீருக்குச் சண்டை போட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் மூவரும் ஒற்றுமை. ஒவ்வொரு மனிதனிடத்திலும் தூங்கிக்கொண்டிருக்கும் சில கெட்ட மரபணுக்கள் உண்டு. ஜோடியில் மற்றொன்று நன்றாயிருப்பதால் அவை வெளியில் தெரிவதில்லை. புருஷனிடத்திலும் பெண்சாதியிடத்திலும் ஒரே பிழை இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு குழந்தைக்கு இரண்டும் கெட்டதாக வந்து சேரும். அந்நியருக்குள் அப்படி ஒத்துப்போவது அபூர்வம். தாய்மாமனும் மருமகளும் நாலில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாக உடையவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. எல்லா மூளை வியாதியும் இதனால் வருவதல்ல, சில பிழைகள் குழந்தையிடத்தில் புதிதாகவே உண்டாகின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தச் சூளகிரிப் பையனுக்கு வருகிறோம். பிலிமை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போகச் செய்தோம். ஒரு டாக்டரம்மாள் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்து, மறுபடி ஒரு படமும் ரத்தப் பரீட்சையும் செய்து, வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். மருந்தில்லை. வலிப்பை மட்டும் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள், வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று வேறொன்று நடந்தது. அந்தப் பெண்ணை அவள் தாய்மாமனுக்கே கட்டியிருந்தார்கள். ஆகவே மாமியார் அந்நியள் அல்ல, அவளைப் பெற்றவளைப் பெற்ற பாட்டியேதான். அந்தப் பாட்டிதான் நாலு வருஷமாக அவளை ராசியில்லாதவள், போன ஜென்மத்துப் பாவி, வயிறு சரியில்லாதவள் என்று ஏசிக்கொண்டிருந்தவள். மகனுக்கு வேறு பெண் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மாள் ஒரு காகிதத்தில் வட்டமும் கட்டமும் போட்டுக் காட்டினார். பிழை புருஷனிடத்திலும் இருக்கிறது, பெண்சாதியிடத்திலும் இருக்கிறது. இரண்டு கோடும் மேலே போய்ச் சேருமிடம் பாட்டியும், செத்துப்போன பாட்டனும். பாட்டி அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நாம் அந்தக் கிழவியையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. நிலம் வெளியில் போகக்கூடாது என்று அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு ஏச்சு நின்றுவிட்டது. இரண்டாம் கலியாணப் பேச்சும் நின்றுவிட்டது. அடுத்த கர்ப்பம் உண்டானால் 11, 12 வாரத்திலேயே பரீட்சை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

செலவைப் பற்றிப் பலர் கேட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்குச் சில ஆயிரம் ஆகும், சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் குறைவு. அபூர்வ வியாதிகளுக்காக மத்திய சர்க்கார் 2021-ல் ஒரு திட்டம் வகுத்தது. குறிப்பிட்ட சில வியாதிகளுக்கு, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகள் மூலமாக, 50 லட்ச ரூபாய் வரை உதவி என்று 2022-ல் அதை உயர்த்தினார்கள். அப்படிக் குறிக்கப்பட்ட இடங்களில் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. எல்லா வியாதியும் பட்டியலில் இல்லை. ஆனால் பெயர் தெரியாத வியாதிக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது. சத்தம் போடுகிற அந்த யந்திரத்துக்குள் குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டியிருப்பதால், சிறு குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். அதற்காகச் சில மணி நேரம் பட்டினி போடச் சொன்னால் ஒளித்து வைத்துப் பால் கொடுத்துவிடாதீர்கள், புரையேறினால் ஆபத்து. பழைய பிலிம், பழைய சீட்டு எதையும் எறியாமல் கொண்டுபோங்கள். வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைத் தேடுவதற்குப் பதிலாகக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முடிந்தால் செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "நான் இயக்கத்தில் பல வருஷமாக இருக்கிறேன். என் தம்பிக்கு எங்கள் அக்காள் மகளை நிச்சயம் செய்தாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இப்படிக் கட்டியவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்கிறார். நேர்மையான கேள்வி. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்த வழக்கம் இத்தனை காலம் நிலைத்திருக்காது. பொதுவாக நூறு குழந்தைக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பிறவிக் கோளாறோடு பிறந்தால், அத்தை மகன் மாமன் மகள் கட்டிய இடத்தில் அது சுமார் இரட்டிப்பாகிறது. தாய்மாமன் கட்டுவது அதைவிட நெருங்கிய ரத்தம். குடும்பத்தில் ஒரு குழந்தைக்காவது காரணம் தெரியாத வலிப்போ, நடை தளர்ச்சியோ, சிறு வயதுச் சாவோ இருந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். அவர்கள் குடும்பத்தில் அப்படி இருந்ததா என்று சீட்டில் எழுதவில்லை. மறைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை, வீட்டுப் பெண்களைக் கேட்டால்தான் அதெல்லாம் தெரியும்.

அந்தத் தோழர் கூட்டம் கலைந்ததும் போய்விடாமல் கொஞ்சம் இருக்கவேண்டும். பெண்ணுக்கு என்ன வயது என்பதையும், அவளை யாராவது சம்மதம் கேட்டார்களா என்பதையும் நாம் அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.